ஹேக் உடன்படிக்கை வழித் தத்தெடுப்பு: இரண்டு அரசுகள் சேர்ந்து தரும் ஒரு சேவையின் மதிப்புரை

வெளிநாட்டில் பிறந்த ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் தம்பதியர், எந்த முகமையை நாடுவது என்று தேடுவதிலேயே தங்கள் கவனத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர். எந்த முகமை விரைவாகப் பதில் தருகிறது, எது கட்டணத்தை மறைக்காமல் சொல்கிறது, எங்கே காத்திருப்புக் காலம் குறைவு என்பவற்றுக்கு விடை சொல்லும் மதிப்புரைகள் ஏராளம். ஆனால் முகமை இந்தச் சேவையின் முகப்பு மட்டுமே. ஒரு குழந்தையைத் தத்துக் கொடுக்கலாமா, யாருக்குக் கொடுக்கலாம், எல்லையைக் கடந்தபின் அது சட்டப்படி யாருடைய பிள்ளை, எந்த நாட்டின் குடிமகன் அல்லது குடிமகள் என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவை இரண்டு அரசுகளும், அவற்றைப் பிணைக்கும் உடன்படிக்கையும், அதை நிறைவேற்ற ஒவ்வொரு நாடும் இயற்றிக்கொண்ட சட்டமும்தான். ஆகவே நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது எந்த ஒரு முகமையையும் அல்ல. 1993 மே 29 அன்று ஹேக் நகரில் முடிவாகி, 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருக்கும் நாடுகடந்த தத்தெடுப்பு உடன்படிக்கையின் வழியே அரசுகள் தரும் சேவையை.

இந்தச் சேவையை யாருடைய இடத்திலிருந்து மதிப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கட்டணம் செலுத்துபவர்கள் தத்துப் பெற்றோர் என்பதால் அவர்களே வாடிக்கையாளர்கள் என்று எண்ணுவது இயல்பு. உடன்படிக்கையின் முதல் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. குழந்தையின் உச்ச நலனுக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் ஏற்பத் தத்தெடுப்பு நடைபெறுவதற்கான பாதுகாப்புகளை நிறுவுவதும், குழந்தைக் கடத்தலையும் விற்பனையையும் தடுக்கும் ஒத்துழைப்பு முறையை உருவாக்குவதும், அவ்வாறு நடந்த தத்தெடுப்பை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்கச் செய்வதும் என அது தன் நோக்கங்களை வரிசைப்படுத்துகிறது. இந்த வரிசையையே நானும் அளவுகோலாகக் கொள்கிறேன்: குழந்தை முதலில், அதைப் பெற்றவள் அடுத்து, வளர்க்கப்போகும் குடும்பம் அதற்குப் பின்.

இதற்கு முன்பிருந்த நிலையை அறிந்தவர்கள், இந்த உடன்படிக்கையின் குறைகளைப் பேசும்போதும் அதைத் தூக்கியெறியத் துணிவதில்லை. கொரியப் போருக்குப் பின் 1950களிலிருந்து குழந்தைகள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டபோது, அந்தப் பயணத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டுச் சட்டம் எதுவும் இல்லை. 1965இல் இதே ஹேக் நகரில் ஒரு தத்தெடுப்பு உடன்படிக்கை உருவானது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே அதை ஏற்றன. குழந்தைகள் பிறந்த நாடுகள் இல்லாத ஓர் உடன்படிக்கை என்ன பாதுகாப்பைத் தந்திருக்க முடியும்? 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, இடைத்தரகர்களும் பொய்யான பிறப்புப் பதிவுகளும் போலித் தாய்மார்களும் அதில் பங்கு வகித்ததைப் பிற்கால விசாரணைகள் வெளிக்கொண்டுவந்தன. தன் அதிகாரிகள் போதிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 1989இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 21ஆம் பிரிவில், பிறந்த நாட்டிலேயே தகுந்த பராமரிப்பு கிடைக்காதபோது மட்டும் கருதத்தக்க மாற்றுவழியாக நாடுகடந்த தத்தெடுப்பை வைத்தது. அந்தக் கொள்கைக்குச் செயல்முறை வடிவம் கொடுத்ததுதான் 1993இன் உடன்படிக்கை. அதன் வரைவில் குழந்தைகள் பிறக்கும் நாடுகளும் ஏற்கும் நாடுகளும் ஒன்றாக அமர்ந்திருந்தன என்பதே அதன் வலிமைக்கு முதற்காரணம்.

சேவை இயங்கும் முறை, எழுத்தில் பார்க்கும்போது, பாராட்டத்தக்க தெளிவுடையது. தத்தெடுக்க விரும்புவோர் தாங்கள் வழக்கமாக வசிக்கும் நாட்டின் மத்திய அமைப்பிடம், அதாவது உடன்படிக்கையின் பணிகளுக்காக அந்நாடு நியமித்துள்ள அமைப்பிடம், விண்ணப்பிக்கின்றனர். அந்நாடு அவர்களுடைய தகுதியையும் பொருத்தத்தையும் ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கிறது. பிறந்த நாடு குழந்தையைப் பற்றிய அறிக்கையை, அதன் குடும்ப வரலாறு, மருத்துவ வரலாறு, தனித் தேவைகள் ஆகியவற்றோடு தயாரிக்கிறது. இரு அறிக்கைகளும் பரிமாறப்பட்ட பின், 17ஆம் பிரிவின்படி, இரு நாடுகளின் மத்திய அமைப்புகளும் ‘இந்தத் தத்தெடுப்பு தொடரலாம்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே குழந்தையை ஒப்படைக்கும் முடிவை எடுக்க முடியும். ஒரு நாடு மறுத்தால் மற்ற நாடு தனியே முன்செல்ல இயலாது. இந்த இரட்டைப் பூட்டுதான் முழு ஏற்பாட்டிலும் நான் மிக உயர்வாக மதிப்பது. இதற்கு எந்த நாடும் விதிவிலக்குக் கோர முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடன்படிக்கையில் சேரும் நாடு எந்த விலக்கு நிபந்தனையும் விதிக்கக் கூடாதென்று 40ஆம் பிரிவு தடுக்கிறது.

இவ்வாறு முடிந்த தத்தெடுப்புக்கு 23ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. அது இருந்தால் எல்லா உறுப்பு நாடுகளிலும் தத்தெடுப்பு தானாகவே செல்லுபடியாகும். குழந்தையின் நலனைக் கணக்கில் கொண்டு பார்க்கையில் தன் பொதுக்கொள்கைக்கு வெளிப்படையாகவே முரணானது என்றால் மட்டுமே ஒரு நாடு அதை மறுக்கலாம். முன்பு, ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் பிள்ளையாக அறிவிக்கப்பட்ட குழந்தை இன்னொரு நாட்டில் அந்நியராக நின்ற அவலத்துக்கு இது உண்மையான முடிவைத் தந்தது. இந்தப் பகுதியில் சேவை தன் வாக்கைக் காப்பாற்றுகிறது என்று தயங்காமல் எழுதலாம்.

தத்துப் பெற்றோரை ஆராயும் குடும்ப ஆய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி, மணவாழ்வு, குழந்தை வளர்ப்பைப் பற்றிய எண்ணங்கள் என எல்லாவற்றையும் அறிமுகமற்ற ஒருவரிடம் சொல்ல நேர்வது பலருக்குக் கூச்சத்தைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் மொழியும் முகமும் மாறிய ஒரு வீட்டுக்குள் வரப்போகும் குழந்தைக்கு அந்தக் கேள்விகள் தரும் பாதுகாப்போடு ஒப்பிட்டால் அந்தக் கூச்சம் பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

சேவையின் உண்மையான பலவீனம் கோப்பு திறக்கப்படுவதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. பெற்றவளின் ஒப்புதலைப் பற்றி 4ஆம் பிரிவு சொல்வதைக் காட்டிலும் நன்றாகச் சொல்ல முடியாது: ஒப்புதல் தருவோருக்கு அதன் விளைவுகள், குறிப்பாகப் பிறப்புக் குடும்பத்தோடு சட்ட உறவு அறுபடுமா என்பது, விளக்கப்பட்டிருக்க வேண்டும்; ஒப்புதல் வற்புறுத்தலின்றி எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும்; பணமோ வேறு ஈடோ அதைத் தூண்டியிருக்கக் கூடாது; தாயின் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் அது குழந்தை பிறந்த பின்னரே பெறப்பட்டிருக்க வேண்டும். இத்தனையும் நடந்தனவா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு பிறந்த நாட்டுடையது. ஏற்கும் நாட்டுக்கு வந்து சேர்வது அதைப் பற்றிய தாள் மட்டுமே. தாளில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று எழுதியிருந்தால், அது எங்கே, யாரால், எந்தச் சூழலில் கண்டெடுக்கப்பட்டது என்பதைத் தொலைவிலுள்ள ஓர் அலுவலகம் சரிபார்க்க வழியில்லை. கலங்கிய ஊற்றிலிருந்து எடுத்த நீரை எத்தனை நல்ல குழாய் வழியாகக் கொண்டுவந்தாலும் அது தெளிவதில்லை. உடன்படிக்கை அமைத்திருக்கும் குழாய் மிக நல்லது, ஊற்றுக்குத்தான் காவல் போதவில்லை.

தென் கொரியாவின் அனுபவம் இதற்கு மிகக் கடினமான சான்று. அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளில், பெற்றோர் அறியப்பட்டிருந்த குழந்தைகள் அநாதைகளாகப் பதிவு செய்யப்பட்டதையும், ஒரு குழந்தைக்கு வேறொரு குழந்தையின் அடையாளம் தரப்பட்டதையும், முறையான ஒப்புதல் இன்றி அனுப்பப்பட்டதையும் சுட்டிக்காட்டி, முதற்கட்டமாக 56 பேரின் உரிமைகள் மீறப்பட்டதாகவும் அதற்கு அரசு பொறுப்பென்றும் அறிவித்தது. அந்தத் தத்தெடுப்புகள் நடந்த பத்தாண்டுகளில் கொரியா உடன்படிக்கையில் இல்லை. 2013இல் கையெழுத்திட்டு, 2025 அக்டோபர் 1 முதல்தான் அது அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆகவே கொரியாவின் குற்றத்தை உடன்படிக்கையின் மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் அங்கே பொய்யாக்கப்பட்டவை எந்த வகை ஆவணங்களோ, அதே வகை ஆவணங்களை நம்பித்தான் உடன்படிக்கையும் இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

இதில் இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. பிள்ளையை வசதியுள்ளவர்களிடம் வளர விடுவதும், வளர்ந்தபின் அது குடும்பத்தை மறவாமல் திரும்பி வருவதும் பல சமூகங்களில் பழகிய வழக்கம். முழுத் தத்தெடுப்போ பழைய உறவை அடியோடு நீக்குகிறது. பிள்ளை படித்து முடித்துத் திரும்பும் என்று நம்பிக் கைநாட்டு வைத்த தாய் பொய் சொல்லவில்லை, அவளிடம் கையெழுத்து வாங்கியவரும் சில வேளைகளில் பொய் சொல்லியிருக்க மாட்டார். இருந்தும் அங்கே ஒப்புதல் பிறக்கவில்லை. அவளுடைய மொழியில், அவளுக்கு நம்பிக்கையுள்ள, தத்தெடுப்பால் எந்த ஆதாயமும் பெறாத ஒருவர் பொறுமையாக விளக்கினால் ஒழிய இந்த இடைவெளி அடைபடாது. சட்டம் ‘ஆலோசனை’ என்ற ஒரு சொல்லில் இதைக் கடந்துவிடுகிறது. நான் ஒரு நாட்டின் தத்தெடுப்புச் சட்டத்தை மதிப்பிடும்போது முதலில் தேடுவது, ஒப்புதலைத் திரும்பப் பெற எத்தனை வாரங்கள் தரப்பட்டுள்ளன, ஆலோசனை தருபவரின் ஊதியத்தை யார் தருகிறார்கள் என்ற இரண்டையும்தான்.

பிறந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற விதிக்கும் இதே கவனம் தேவை. இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆயினும், உள்நாட்டில் குடும்பம் தேடுவதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, ஒரு குழந்தையை ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருத்தி வைப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது. ருமேனியா 2001இல் நாடுகடந்த தத்தெடுப்பை நிறுத்தி, பின்னர் 2004இல் இயற்றிய சட்டத்தால், 2005 முதல் வெளிநாட்டில் வாழும் தாத்தா பாட்டிக்கு மட்டும் அதை அனுமதித்தது. அதற்கு முன் அங்கே நடந்த ஊழலைப் பார்த்தால் நிறுத்தியது சரியே. ஆனால் ஏற்கெனவே ஒரு குடும்பத்தோடு இணைக்கப்பட்டிருந்த குழந்தைகளின் கோப்புகளும் அதே கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டன. உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு நடைமுறைகள் விரைவாக நடக்க வேண்டும் என்கிறது, எத்தனை மாதங்களுக்குள் என்று சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை நினைத்தால், காலவரையற்ற அந்தச் சொல் எனக்கு மனநிறைவு தரவில்லை.

பணம் பற்றிய விதிகளில் எழுத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். 32ஆம் பிரிவு, தத்தெடுப்பு தொடர்பான செயலிலிருந்து யாரும் முறையற்ற ஆதாயம் பெறக் கூடாது என்றும், நியாயமான தொழிற்கட்டணம் உள்ளிட்ட செலவுகளை மட்டுமே வாங்கலாம் என்றும் கூறுகிறது. அங்கீகாரம் பெறும் முகமைகள் ஆதாய நோக்கற்றவையாக இருக்க வேண்டும் என்று 11ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கிறது. ‘நியாயமான’ என்பதன் அளவு என்ன? ஒரு நாட்டில் நியாயமான கட்டணம் இன்னொரு நாட்டில் ஒரு கிராமத்தின் ஆண்டு வருமானமாக இருக்கலாம். பணம் தேவையைத் தேடி வருகையில் குழந்தைகளைத் தேடிச் செல்வோர் உருவாகிறார்கள் என்பதை குவாத்தமாலா காட்டியது. 2003இல் உடன்படிக்கை அங்கே நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், நாடு அதில் இணைந்தது செல்லாதென்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தத்தெடுப்பு மீண்டும் தனியார் நோட்டரி வழக்கறிஞர்களின் கைக்குப் போனது. 2006இலும் 2007இலும் ஆண்டுக்கு 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்கு மட்டுமே சென்றனர். 2007 டிசம்பரில் புதிய தத்தெடுப்புச் சட்டம் வந்து தனியார் வழி அடைக்கப்பட்டபின் அந்த ஓட்டம் படிப்படியாக நின்றது. குழந்தைகள் அவ்வளவு பேரும் உண்மையிலேயே ஆதரவற்றவர்களாக இருந்திருந்தால், சட்டம் மாறியதும் காப்பகங்கள் அந்த அளவுக்கு நிரம்பி வழிந்திருக்க வேண்டும் அல்லவா?

காப்பகங்களுக்குத் தரப்படும் நன்கொடையைப் பற்றி நான் கடுமையாகவே பேச விரும்புகிறேன். நல்ல மனத்தோடு தரப்படுவதால் அதன் தீங்கு குறைவதில்லை. குழந்தையை ஒப்படைக்கும் நிறுவனமே பணத்தையும் பெற்றுக்கொண்டால், அடுத்த குழந்தை வந்து சேர்வதில் அதற்கு ஓர் அக்கறை பிறக்கிறது. இந்த உடன்படிக்கையை உருவாக்கிய ஹேக் மாநாட்டு அமைப்பு 2014இல் வெளியிட்ட நிதிசார் குறிப்பேடு கட்டணம், பங்களிப்பு, நன்கொடை ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டைத் தன் உள்நாட்டுச் சட்டத்தில் எழுதி, குறிப்பிட்ட ஒரு தத்தெடுப்போடு இணைந்த எந்த நன்கொடையையும் தடைசெய்யாத நாட்டின் நடைமுறையை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி இருதரப்பு ஒப்பந்தங்களுக்கு வருகிறேன். இரண்டு நாடுகள் தமக்குள் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்வதை உடன்படிக்கை 39ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. ஆனால் 14 முதல் 16 வரையிலும் 18 முதல் 21 வரையிலும் உள்ள நடைமுறை விதிகளை மட்டுமே அவை மாற்றிக்கொள்ளலாம். ஒப்புதலைப் பற்றிய 4ஆம் பிரிவு, இரட்டைப் பூட்டான 17, பணம் பற்றிய 32, உரிய நிபந்தனைகள் நிறைவேறும்வரை பிறப்புப் பெற்றோரையோ குழந்தையைப் பராமரிப்பவரையோ தத்தெடுப்போர் சந்திக்கக் கூடாதெனும் 29 ஆகியவற்றில் கைவைக்க முடியாது. இது அறிவார்ந்த எல்லைக்கோடு. சிக்கல் எழுவது, ஒரு நாடு உடன்படிக்கைக்கு வெளியே நிற்கையில், ஒப்பந்தம் ஒன்றே முழு அடித்தளமாகிவிடும்போதுதான்.

அப்போது குழந்தையின் எதிர்காலம் இரண்டு அரசுகளின் உறவைப் பொறுத்ததாகிறது. அமெரிக்காவும் வியட்நாமும் 2005இல் செய்துகொண்ட ஒப்பந்தம், குழந்தைகளின் ஆவணங்கள் குறித்த ஐயங்களுக்கு இடையே, 2008 செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. வியட்நாம் 2012இல் ஹேக் உடன்படிக்கைக்குள் வந்து, தன் சட்டத்தைச் சீரமைத்துக்கொண்ட பின், தனித் தேவையுடைய குழந்தைகள், வயதில் மூத்த குழந்தைகள், உடன்பிறந்தோர் கூட்டங்கள் ஆகியோருக்கு மட்டும் 2014இல் அந்த வழி மீண்டும் திறந்தது. இங்கே நிறுத்தியதும் திறந்ததும் பொருளுடையவை. ரஷ்யாவின் கதை அப்படியல்ல. அமெரிக்காவுடன் 2011 ஜூலையில் கையெழுத்தாகி, 2012 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், அங்கீகாரம் பெற்ற முகமைகளையும் தத்தெடுப்புக்குப் பிந்தைய கண்காணிப்பையும் கட்டாயமாக்கிய நல்ல ஒப்பந்தம். இரண்டே மாதங்களில், வேறொரு அரசியல் பூசலுக்குப் பதிலடியாக, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதையே தடைசெய்யும் சட்டம் 2013 ஜனவரி 1 முதல் வந்தது. ஏற்கெனவே தங்களைத் தேடி வந்தவர்களைச் சந்தித்து, அவர்களை அப்பா அம்மா என்று அழைக்கத் தொடங்கியிருந்த குழந்தைகளும் அதில் அடங்குவர். ஹேக் உடன்படிக்கையிலிருந்து விலக விரும்பும் நாடு ஓராண்டுக்குமுன் அறிவிக்க வேண்டும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பலதரப்பு உடன்படிக்கையின் மெதுவான நடையே குழந்தைக்கு ஒரு காப்பு என்பது விளங்கும். ஆனால் அந்தக் காப்பும் முழுமையல்ல: 2006 முதல் உடன்படிக்கையில் உள்ள சீனா, 1992க்குப் பின் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிறகு, உறவினர் தத்தெடுப்பு தவிர மற்றவற்றை 2024இல் முடித்துக்கொண்டபோது, குழந்தைகளைக் குடும்பங்களோடு இணைத்து பல ஆண்டுகளாகக் காத்திருந்த இணைப்புகள் கைவிடப்பட்டன. உறுப்பினராக இருப்பது குழந்தையை அனுப்ப வேண்டிய கடமையை எந்த நாட்டுக்கும் விதிப்பதில்லை, விதிக்கவும் கூடாது. ஆயினும் ஏற்கெனவே இணைக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இடைமாற்ற விதி இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் எதுவானாலும் நான் முதலில் வாசிப்பது அந்த இடைமாற்ற விதியைத்தான்.

பலர் கவனிக்காமல் விடும் இரண்டு செய்திகளையும் இங்கே சொல்ல வேண்டும். இரு நாடுகளும் உடன்படிக்கையில் இருக்கின்றன என்பது மட்டும் போதாது. புதிதாகச் சேரும் நாட்டின் இணைப்புக்கு மற்ற உறுப்பு நாடு 44ஆம் பிரிவின்படி ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்த இரண்டுக்கும் இடையே உடன்படிக்கை செயல்படாது. குவாத்தமாலா சேர்ந்தபோது ஜெர்மனி, நெதர்லாந்து உள்ளிட்ட சில நாடுகள் அவ்வாறே செய்தன. மற்றொன்று, இந்த விதிகள் குடியுரிமையைப் பார்த்து இயங்குபவை அல்ல, வழக்கமாக வசிக்கும் இடத்தைப் பார்த்து இயங்குபவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தாய்நாட்டிலுள்ள தன் உடன்பிறந்தவரின் பிள்ளையைத் தத்தெடுத்தாலும், அது பெரும்பாலும் நாடுகடந்த தத்தெடுப்பாகவே கருதப்படும். உறவுக்குள்தானே என்று உள்நாட்டு முறைப்படி முடித்துவிட்டு, பிறகு குழந்தைக்கு விசா கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

எல்லை கடந்த பிறகு என்ன ஆகிறது என்பதில் சேவை மீண்டும் தளர்கிறது. சட்டப்படியான பெற்றோர், பிள்ளை உறவை 26ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. குடியுரிமையை அது தரவில்லை. அதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனியே முடிவு செய்கிறது. இதன் விளைவை அமெரிக்காவில் காணலாம். 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 முதல் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை அளித்தது. அந்த நாளில் 18 வயதைக் கடந்திருந்தவர்கள் விடுபட்டனர். தத்துப் பெற்றோர் உரிய விண்ணப்பம் அளிக்காததால், அமெரிக்கர்களாகவே வளர்ந்த சிலர், நடுவயதில், மொழியும் தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தையை அழைத்து வந்த அரசு அதற்குக் குடியுரிமையைப் பெற்றோரின் நினைவாற்றலை நம்பி விட்டுவைத்ததை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆவணங்களும் அப்படியே. குழந்தையின் பிறப்பு மூலத்தைப் பற்றிய தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்றும், சட்டம் அனுமதிக்கும் அளவில் அதைக் குழந்தை அறிய வழி செய்ய வேண்டும் என்றும் 30ஆம் பிரிவு கூறுகிறது. எத்தனை ஆண்டுகள் என்று சொல்லவில்லை. 2008இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தத்தெடுப்பு உடன்படிக்கை குறைந்தது 50 ஆண்டுகள் என்று தெளிவாக வரையறுத்திருப்பதோடு ஒப்பிட்டால் இது பெருங்குறை. தன் வேரைத் தேடத் தொடங்கும் வயது பலருக்கு முப்பதிலோ நாற்பதிலோ, தாமே பெற்றோரான பின்னரோ வருகிறது. அதற்குள் முகமை மூடப்பட்டிருக்கலாம், காப்பகம் இடம் மாறியிருக்கலாம். முகமையின் அங்கீகாரம் முடிவுக்கு வரும்போது கோப்புகள் அரசு ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்ற விதி ஒவ்வொரு நாட்டின் சட்டத்திலும் இருக்க வேண்டும்.

குறைகளை எங்கே முறையிடுவது என்ற கேள்விக்கும் திருப்தியான விடை இல்லை. உடன்படிக்கைக்கென ஒரு நீதிமன்றம் கிடையாது. விதி மீறப்பட்டால் மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், அது தகுந்த நடவடிக்கையை உறுதிசெய்ய வேண்டும் என்பதோடு 33ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. அதனால்தான் கணக்குத் தீர்ப்பது அந்தந்த நாட்டு விசாரணைகளுக்கு விடப்பட்டது. நெதர்லாந்து 2021 பிப்ரவரியில் தன் விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின் தத்தெடுப்பை இடைநிறுத்தி, மீண்டும் தொடங்கி, 2024இல் படிப்படியாக முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது. டென்மார்க்கில் எஞ்சியிருந்த ஒரே முகமை 2024 ஜனவரியில் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்வீடனில் அரசு அமைத்த ஆணையம் 2025 ஜூனில் தடையைப் பரிந்துரைத்தது. எத்தியோப்பியா 2018 ஜனவரியிலேயே தன் தரப்புக் கதவை மூடியிருந்தது. உச்சத்தில் இருந்த 2004இல் உலகெங்கும் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் இவ்வாறு நாடு கடந்தனர். அவ்வாண்டு ஏறத்தாழ 23,000 குழந்தைகளை ஏற்ற அமெரிக்கா, 2023ஆம் நிதியாண்டில் 1,300க்கும் குறைவானவர்களையே ஏற்றது. இந்தச் சரிவின் ஒரு பகுதி, பிறந்த நாடுகளிலேயே குடும்பங்கள் கிடைப்பதால் வந்த நற்செய்தி. மற்றொரு பகுதி, சீர்திருத்த முடியாமல் கைவிட்டதன் அடையாளம். இரண்டையும் பிரித்தறியாமல் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் கொண்டாடுவதும் புலம்புவதும் தவறு.

இன்று இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்றால், வயதில் மூத்த குழந்தைக்கோ, பிரிக்கக் கூடாத உடன்பிறந்தோருக்கோ, தொடர் மருத்துவம் தேவைப்படும் குழந்தைக்கோ குடும்பமாக இருக்கத் தங்களைத் தயார்படுத்திக்கொண்டவர்களுக்கும், உறவினர் பிள்ளையை முறைப்படி ஏற்க விரும்புபவர்களுக்கும் பரிந்துரைப்பேன். அதுவும் இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை உண்மையாகவே செயல்படும் இடத்தில் மட்டும். ஆரோக்கியமான கைக்குழந்தை விரைவில் கிடைக்கும் என்று யாரேனும் உறுதி கூறினால், அந்த உறுதியே விலகிச் செல்வதற்குப் போதிய காரணம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முகமையிடமிருந்து எழுத்தில் பெற வேண்டியவை சில உள்ளன. எந்த நாட்டு அரசு எந்த ஆண்டுவரை அதற்கு அங்கீகாரம் அளித்துள்ளது. பிறந்த நாடும் அதே முகமைக்குத் தனியே அனுமதி தந்துள்ளதா. கட்டணத்தில் ஒவ்வொரு தொகையும் யாரைச் சென்றடைகிறது. இடையில் சட்டம் மாறினால் கோப்பின் நிலை என்ன. முகமை மூடப்பட்டால் ஆவணங்கள் எங்கே செல்லும். தத்தெடுப்பு முடிந்ததும், 16ஆம் பிரிவின் கீழ் தயாரான குழந்தை அறிக்கையின் முழுப் படியையும், அதில் ஒப்புதல் எந்த நாளில் எந்த அதிகாரியின் முன் பெறப்பட்டது என்ற பக்கத்தையும், 17ஆம் பிரிவின்படி எந்த அமைப்பு எந்த நாளில் ஒப்புக்கொண்டது என்பதைக் குறிப்பிடும் 23ஆம் பிரிவுச் சான்றிதழின் மூலத்தையும், மூலமொழியிலுள்ள தாள்களை மொழிபெயர்ப்போடு சேர்த்து, பிள்ளையின் பெயரில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். குடியுரிமைச் சான்றுக்கான விண்ணப்பத்தை, தானாகவே குடியுரிமை கிடைக்கும் நாடாக இருந்தாலும், முதல் ஆண்டிலேயே அளித்துவிட வேண்டும்.